காலுறையோடு

நாரினில் பிப்ரவரி.
கோட்டுக்குள் சட்டை, சட்டைக்குள் சட்டை,
அதற்குள்ளும் ஒன்று,
எல்லாம் உரித்த பிறகு
இருபத்திரண்டு மாத எலமான் வெளியே வந்தான்.

எடை பதினொன்றே முக்கால்.
உயரம் எண்பத்தாறு.
தலைச்சுற்றளவு நாற்பத்தெட்டரை.
வரைபடத்தின் நடுக்கோட்டை விட்டு
ஒரு புள்ளியும் விலகவில்லை.

"பதிமூன்றாம் மாதமே நடந்துவிட்டான்"
என்றாள் ஜிபார், அவன் அம்மா.
கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றை
அவன் கால்களில் கட்டி
தெருப் பிள்ளைகளை ஓடவிட்டார்களாம்.
முந்தி வந்த சிறுமி கத்தியால் அறுத்தாளாம்.
கயிற்றுத் துண்டைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்,
சான்றிதழ் காட்டுகிறவள்போல.
படிவத்தில் நடைக்கு ஒரு கட்டம் உண்டு.
கயிற்றுக்கு இல்லை.

ஆறு சிவப்புக் கட்டைகள் கொடுத்தேன்.
கோபுரம் அடுக்க வேண்டும்.
அவனோ ஒவ்வொன்றாக நெட்டித் தள்ளி
நாற்காலிக் காலுக்கும் சுவருக்கும் நடுவே அடைத்தான்.
ஒன்று பின்தங்கியது.
திரும்பிப் போய் அதையும் ஓட்டிவந்தான்.
"ஆட்டுப்பட்டி" என்றாள் ஜிபார், வெட்கப்பட்டுக்கொண்டு.
கோபுரம்: இல்லை, என்று எழுதப் போன பேனாவை
கீழே வைத்துவிட்டேன்.

சொற்கள்?

"இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தாராம்."
அப்பா நோவோசிபிர்ஸ்க்கில் சுவர்களுக்குப் பூச்சு பூசுகிறார்.
ஞாயிறுதோறும் கைபேசித் திரையில் வருகிறார்.
பையன் விரலால் அவர் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பானாம்.
"ஏழாம் மாதத்தில் பா பா என்று ஓயவே மாட்டான்.
அப்புறம் ஏனோ நிறுத்திவிட்டான்.
சாதுப் பிள்ளை, டாக்டர்.
நாய் குரைத்தாலும் தூங்குவான்."

நாய் குரைத்தாலும்.
விளிம்பில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

பின்னால் போய் மணி அடித்தேன்.
திரும்பினான்.
ஜிபார் சிரித்தாள்.

ஆனால் அது பழைய பலகைத் தரை.
என் பூட்ஸுக்குள் எண்பது கிலோ நடந்து போயிருந்தது.
"கதவு திறந்தாலும் திரும்புவான்" என்றாள்.
கதவு திறந்தால் இங்கே
குளிரும் உள்ளே வரும் அல்லவா.

பூட்ஸைக் கழற்றினேன்.
இடது காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
சுவரோரமாக, ஆணி அடித்த இடங்களில் மட்டும் மிதித்து,
என் நிழல் அவன்மேல் விழாமல்,
மூச்சு அவன் பிடரியில் படாமல்,
இருபது வருடம் வேலை பார்த்த அறையில்
திருடனைப்போல் நடந்தேன்.

வலப்பக்கம் மணி.
இடப்பக்கம் மணி.
நிலக்கரி வாளியைக் கரண்டியால் தட்டினேன்.
பக்கத்து அறை நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.
எலமான் தன் ஆடுகளுக்குப்
படல் சாத்திக்கொண்டிருந்தான்.

ஜிபாரின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது,
எடுத்து வைக்க மறந்துபோன பாத்திரம்போல.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
பிஷ்கெக்கில் ஒரு கருவி இருக்கிறது,
தூக்கத்திலேயே காதைச் சோதிக்கும்.
மார்ச் பதினான்கு, காலை ஒன்பது மணி.
சீக்கிரம் போவது நல்லது.

சீக்கிரம்.
அவனுடைய அட்டையைப் புரட்டினேன்.
ஒன்பதாம் மாதம்: மணியோசைக்குத் திரும்புகிறான்.
இயல்பு.
நீல மை. சாய்ந்த எழுத்து.
என்னுடையதுதான்.
அன்றைக்கும் பூட்ஸ் போட்டிருந்திருப்பேன்.
அட்டையை அவள் பக்கம் திருப்பி
அந்த வரியைக் காட்டினேன்.
நெடுநேரம் படித்தாள், அது ஒரே வரிதான்.
என்னைத் திட்டியிருக்கலாம்.

"எலமான்" என்றாள், அவன் முதுகைப் பார்த்து.
கொஞ்சம் உரக்க, "எலமான்."

பிறகு வலது காலைத் தூக்கி
பலகையில் ஓங்கி ஒரு மிதி.

முகம் முழுக்கச் சிரிப்போடு திரும்பினான்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டவளிடம்
கையில் ஓர் ஆட்டோடு ஓடிவந்தான்.